விமானிக்கு ஒரு கைக்கடிகாரம்

விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கும் என் மகளுக்குக் கைக்கடிகாரம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. பறந்துகொண்டே சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பது சிரமமாக இருக்கிறது என்று பிரேசில் விமானி ஆல்பெர்டோ சாந்தோஸ் துமோன் சொன்னதைக் கேட்டு, அவருடைய நண்பரான பாரிஸ் நகை வணிகர் லூயி கார்த்தியே 1904-இல் அவருக்கென ஒரு கைக்கடிகாரம் செய்துகொடுத்தார். அந்தத் தேவை இன்றும் மாறவில்லை. ஒரே பார்வையில் நேரம் தெரியாத கடிகாரம், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், விமானிக்கு உதவாது.

அதனால் கறுப்பு முகப்பும், பெரிய வெள்ளை எண்களும், இருட்டில் ஒளிரும் முட்களும், கண் கூசாதபடி பூச்சிட்ட, எளிதில் கீறல் விழாத சஃபையர் கண்ணாடியும் கொண்டதையே தேடினேன். வானிலை அறிக்கைகளும் பறப்புத் திட்டங்களும் உலகப் பொது நேரமான யுடிசி-யில்தான் எழுதப்படுகின்றன என்பதால், அதைத் தனியே காட்டும் 24 மணி முள் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து.

கை அசைவிலேயே சாவி ஏறி ஓடும் ஆட்டோமேட்டிக் கடிகாரங்களின் அழகு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவற்றில் துல்லியத்துக்கெனச் சான்றளிக்கப்பட்ட குரோனோமீட்டருக்கே நாளொன்றுக்கு 4 விநாடி பின்தங்கவும் 6 விநாடி முந்தவும் அனுமதி உண்டு. மின்கலத்தில் ஓடும் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரமோ மாதத்துக்கே ஏறத்தாழ 15 விநாடிதான் பிசகும். குவார்ட்ஸையே வாங்கினேன். அறை விளக்கை அணைத்துவிட்டு, பச்சையாக ஒளிர்ந்த முட்களை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.