மிளகுக்கு 96 கிராம்

2023 செப்டம்பர் 3, ஞாயிறு

இன்று என் நாய் மிளகுக்கு வேகாத பச்சைக்கறி டப்பா போடும் நாள். இரண்டு வாரத்துக்கு 14 டப்பா, மொத்தம் ஒண்ணேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பெரிய நாய் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு நாள் சாப்பாடு. மிளகு யார்க்‌ஷயர் டெரியர், நான்கு வயது, எடை 3.2 கிலோ. அதில் நூற்றுக்கு மூன்று பங்கு என்றால் ஒரு நாளைக்கு 96 கிராம்.

பச்சைக்கறி போடுகிறவர்கள் எல்லாரும் சொல்லும் கணக்கு ஒன்றுதான்: சதை 80, எலும்பு 10, ஈரலும் மற்ற உள்ளுறுப்பும் ஐந்தைந்து. அதை 96 கிராமில் வைத்துப் பார்த்தால் ஈரல் ஐந்து கிராமுக்கும் குறைவு, ஒரு சுண்டைக்காய்க்குக் கொஞ்சம் பெரிசு. சமையல்கட்டுத் தராசில் ஐந்து கிராம் வைத்தால் முள் அசையவே அசையாது, அதனால் பிப்ரவரியிலேயே நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற குட்டித் தராசு ஒன்று வாங்கிவிட்டேன். 30 கிலோ நாய்க்கு ஒரு துண்டு ஈரல் கூடிப்போனால் ஒன்றும் ஆகாது, இவனுக்கு அதே துண்டு மூன்று நாள் ஈரல். ஈரல் ஏறினால் வயிற்றாலே போகும், நாள்கணக்கில் ஏறினால் வைட்டமின் ஏ உடம்பில் தங்கும். எலும்பு ஏறினால் மலம் வெள்ளையாகச் சுண்ணாம்புக்கட்டி மாதிரி வரும், பாவம் முக்கி முக்கி நிற்பான்.

ஆயா வீட்டில் மாட்டுக்கறி நுழையாது. நான் இருப்பது அவர் வீட்டுப் பின்கட்டில், தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில், 11 வருஷமாக. எனவே ஆடும் கோழியும்தான். விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் கறிக்கடையில் ஆட்டு இதயம், சுவரொட்டி, கொழுப்பு நீக்கிய கொத்துக்கறி, அப்புறம் தோல் உரித்த கோழிக் கழுத்து. கழுத்தில் எலும்புதான் அதிகம், ஒரு கழுத்தை மூன்று நாளைக்கு வெட்டலாம்.

அவன் தின்பதை நான் விட்டுவிட்டு வருவதே இல்லை. கழுத்துத் துண்டின் ஒரு நுனியை இடுக்கியால் பிடித்துக்கொள்வேன். தலையைச் சாய்த்துக் கடைவாய்க்குக் கொண்டுபோய், கத்திரிக்கோல் மாதிரி நறுக் நறுக்கென்று வெட்டுவான். விட்டால் முழுசாக விழுங்கப் பார்ப்பான். இந்தத் தொண்டைக்குள் அது சிக்கினால் ஓடிப்போய் ஆளைக் கூப்பிடக்கூட நேரம் இருக்காது.

செப்டம்பர் 7, வியாழன்

மறுபடியும் மின்வெட்டு. இரண்டு மணி நேரம் என்றார்கள், வந்தபோது ஐந்தாகிவிட்டது. ஃப்ரீசரைத் திறக்காமல் மேலே போர்வை போட்டு வைத்தேன். திறக்காத, நிறைந்த ஃப்ரீசர் ஒரு நாள் முழுக்கக்கூடத் தாங்கும். என்னுடையது சின்னது, பாதி காலி. அதனால் காலி இடத்தில் தண்ணீர்ப் பாட்டில்களை உறையவைத்து அடுக்கியிருக்கிறேன்.

திறந்தபோது மேல்வரிசை டப்பா இரண்டு ஓரத்தில் இளகியிருந்தது. உள்ளே ஐஸ் இன்னும் நின்றால் திரும்ப உறையவைக்கலாம் என்பார்கள். நான் தூக்கிப் போட்டுவிட்டேன். ஃப்ரீசர் சால்மொனெல்லாவைக் கொல்வதில்லை, தூங்கவைக்கிறது, அவ்வளவுதான். இளகினால் எழுந்துவிடும். பச்சைக்கறி நல்லது நல்லது என்று பேசுகிற எத்தனையோ பேர் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்டிப் போவது எனக்கு வருத்தம்.

செப்டம்பர் 18, திங்கள்

புரட்டாசி பிறந்துவிட்டது. ஆயாவுக்கு வயது 79, கலியாணம் ஆகி வந்த வருஷத்திலிருந்து ஒரு புரட்டாசி விடாமல் பிடிக்கிறார். போன வாரமே பாத்திரமெல்லாம் மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தாயிற்று. நேற்று நான் ஃப்ரீசரை அவர் வீட்டோடு ஒட்டிய சுவரிலிருந்து கழற்றி, கார் நிறுத்தும் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். கறி வெட்டும் பலகை, கத்தி, இடுக்கி, டப்பா எல்லாமும் அங்கேதான். தனி சோப்பு, தனித் துணி.

“அத ஏன் தம்பி வெளிய தள்ளுற?” என்று கேட்டார். புரட்டாசியாயிற்றே ஆயா என்றேன். “எனக்குத்தான் விரதம். நாய்க்கு ஏது தம்பி விரதம்? அது வாயில்லாத சீவன்.” சொல்லிவிட்டு மடும்பி தோலை உரிக்கப் போய்விட்டார். மடும்பி என்றால் ஒன்றுமில்லை, நம் சேப்பங்கிழங்குதான். சனிக்கிழமை பங்களாதேஷ் மார்க்கெட்டில் நான் வாங்கிவந்தது.

சாயங்காலமானால் மிளகு அவர் மடியில்தான். முகத்தை நக்கவிடாதீர்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கேட்க மாட்டார்.

செப்டம்பர் 25, திங்கள்

ஹெரிடேஜ் டே ஞாயிற்றுக்கிழமை விழுந்ததால் இன்று விடுமுறை, தெரு முழுக்க பிராய் என்று கறி சுடும் புகை. பக்கத்து வீட்டுப் பையன் வேலி வழியாகச் சுட்ட ஆட்டு எலும்பு ஒன்றைக் கொடுத்துவிட்டான். அவனுக்கு ஆறு வயது, பாசத்தில்தான் கொடுத்தான், திட்ட மனசு வரவில்லை.

சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். பச்சை எலும்பு நறுக்கென்று வெட்டும், இது அப்பளம் உடைவது போலப் படபடவென்று கேட்டது. சுட்ட எலும்பு காய்ந்து ஊசி ஊசியாகப் பிளக்கும். தாடையைத் திறந்து விரலை விட்டு எடுத்தேன். கையில் வந்தது பாதி. அதில் ஒரு சிலும்பு, தையல் ஊசி நீளம், அண்ணத்தில் லேசாகக் கீறியிருந்தது. மீதியை விழுங்கிவிட்டான்.

கால்நடை மருத்துவரைக் கைப்பேசியில் பிடித்தேன். வாந்தி எடுக்க வைக்கவே கூடாது என்றார், போன வழியே திரும்பி வந்தால் தொண்டையைக் கிழித்துவிடும். வாந்தி, வயிற்று உப்பல், கறுப்பு மலம், சாப்பாட்டை மறுப்பது, இதில் எது தெரிந்தாலும் உடனே வரச் சொன்னார். இரவு முழுக்க அவன் வயிற்றில் கை வைத்தபடி படுத்திருந்தேன்.

செப்டம்பர் 27, புதன்

வந்துவிட்டது. மூன்று துண்டு, ரத்தம் இல்லை.

அக்டோபர் 2, திங்கள்

கடையில் முட்டைக்குக் கட்டுப்பாடு. ஜோகன்னஸ்பர்க் பக்கம் பறவைக் காய்ச்சல், லட்சக்கணக்கில் கோழிகளை அழிக்கிறார்கள். அங்கே பரவுவது எச்7என்6 என்ற வகை. நாய்க்கு வருமா என்று படித்தேன். இன்னொரு வகையான எச்5என்1-இல், ஏப்ரலில் கனடாவில் ஒரு காட்டு வாத்தைக் கடித்த வீட்டு நாய் செத்திருக்கிறது. ஜூனில் போலந்தில் பூனைகள் வரிசையாகச் செத்தபோது பச்சைக்கறி மேலும் சந்தேகம் விழுந்தது. நம் ஊர்க் கோழிக் கழுத்தில் அது இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. இருந்தாலும் நாளையிலிருந்து பச்சைக் கோழி வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

ஆனால் ஆடு மட்டும் என்றால் கொழுப்பு. யார்க்‌ஷயர் டெரியருக்குக் கணையம் சட்டென்று வீங்கும் என்பது மருத்துவர்கள் எல்லாரும் சொல்வது, இவனுக்கு எண்ணெய்ப்பசையே ஆகாது. ஆட்டு எலும்பும் இந்தப் பல்லுக்குக் கடினம். ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று திறக்கிறது.

அக்டோபர் 9, திங்கள்

ஆயாவுக்கு இன்று முதல் கீமோ. மார்பில் கட்டி என்று ஆகஸ்டிலேயே தெரியும், இங்கே எழுத மனம் வரவில்லை. அவர் மகள் ஆஸ்திரேலியாவில், அதனால் நான்தான் கூடப் போனேன்.

நர்ஸ் ஒரு தாள் கொடுத்தார். வெள்ளை அணுக்கள் குறையும், பாதி வெந்த முட்டை கூடாது, வேகாத கறியைத் தொடக்கூட வேண்டாம், சுடவைக்காமல் அப்படியே தின்னும் போலோனி என்ற சாசேஜ் வேண்டவே வேண்டாம். போலோனி என்றதும் ஆயா தலையாட்டினார். 2017-18-இல் போலோனி வழியாக லிஸ்டீரியா பரவி இந்த நாட்டில் 200 பேருக்கு மேல் செத்தது யாருக்கு மறக்கும்? ஃப்ரிட்ஜ் குளிரிலேயே வளர்கிற கிருமி அது. கடைசி வரி வீட்டுப் பிராணிகள் பற்றி. அதை நான் இரண்டு தடவை படித்தேன். ஆயாவிடம் வாசித்துக் காட்டவில்லை.

அக்டோபர் 11, புதன்

மிளகின் கால்நடை மருத்துவரிடம் போனேன். பச்சைக்கறி அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. 2012-லேயே அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் வேண்டாம் என்று சொன்னதைப் போன தடவையே எடுத்துக் காட்டினார். நானும் 1993-இல் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் தொடங்கி வைத்த வாதங்களையெல்லாம் சொல்லி மல்லுக்கு நின்றவன். இன்று நிற்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: இவன் நன்றாக இருக்கிறான், மலம் நன்றாக இருக்கிறது, அப்படியும் கிருமி வெளியே வருமா? வரும் என்றார். நாய்க்கு ஒன்றுமே தெரியாது, மலத்திலும் வாயிலும் நாள்கணக்கில் போய்க்கொண்டிருக்கும்.

நான் பலகையை எத்தனை தேய்த்தாலும், கொட்டகைக்கு எதையெல்லாம் தள்ளினாலும், கடைசியில் அது அவன் நாக்கில் ஏறி ஆயாவின் கன்னத்துக்குப் போகிறது. அவனை மடியில் வைக்காதீர்கள் என்று அவரிடம் சொல்ல என்னால் முடியாது. ஊசி போட்டு வந்த அன்று ராத்திரி வாந்திக்கு நடுவில் அவர் கேட்டது மிளகைத்தான்.

பச்சைக்கறியை நிறுத்துகிறேன். எட்டு மாசத்தில் அவன் மேல் மினுமினுப்பு ஏறியது, வாய் நாற்றம் போனது, இதெல்லாம் நான் கண்ணால் பார்த்தவை, இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த வீட்டில் இனி அது ஆகாது, அவ்வளவுதான்.

அக்டோபர் 14, சனி

கடைசிச் சனியும் மகாளய அமாவாசையும் ஒரே நாளில். இன்று வளாகத்தில் கறி வேகக்கூடாது. பச்சையில் வாசனை வராது, வேகவைத்தால் தெருவுக்கே வரும், இதை நான் யோசிக்கவே இல்லை. டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் நண்பன் வீட்டு அடுப்பில் வியாழனன்றே ஒரு வாரத்துக்கு வேகவைத்து எடுத்து வந்திருந்தேன், ஆனாலும் இன்று அதை எடுக்கவில்லை. ஆயா பெருமாளுக்குப் படைத்த தயிர்சாதத்தில் ஒரு கவளம், பூசணி ஒரு துண்டு. வெங்காயம் நாய்க்கு விஷம், படையலில் ஆயா வெங்காயமே சேர்ப்பதில்லை.

வேகவைத்தால் எலும்பை முழுக்க எடுத்துவிட வேண்டும், ஊசிக் கதைதான் தெரியுமே. எலும்பு போனால் கால்சியமும் போயிற்று, வெறும் கறி தின்றால் கொஞ்ச நாளில் அவன் சொந்த எலும்பிலிருந்தே உடம்பு எடுத்துக்கொள்ளும். அதற்கு முட்டை ஓடு. முட்டை கிடைக்காத மாசத்தில் ஓட்டுக்கு அலைந்தேன், கடைசியில் எலும்பு கொடுத்த பையனின் அம்மா ஆறு ஓடு கழுவிக் கொடுத்தார். சூட்டில் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து, சலித்தேன். ஆயிரம் கலோரிக்கு ஒரு கிராம் கால்சியம் என்பது கணக்கு. இவன் தின்பது 230 கலோரி போல. ஓட்டில் நூற்றுக்கு 38 பங்கு கால்சியம், ஆக ஒரு நாளைக்கு 0.6 கிராம் மாவு. குட்டித் தராசு இப்போதும் வேலையில்தான் இருக்கிறது. மற்ற சத்துகளுக்கு மருத்துவர் ஒரு பொடி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அக்டோபர் 18, புதன்

ஐப்பசி ஒன்று. “உள்ளேயே வைடா தம்பி, அடுப்பு என்னத்துக்கு இருக்கு” என்று ஆயாவே கூப்பிட்டு, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கொழுப்பில்லாத ஆட்டுக்கறி, எலும்பில்லாத கோழி, ஈரல், பூசணி. உப்பு இல்லை. வெந்தபின் நூறு கிராம் எழுபத்தைந்தாகச் சுண்டிவிடுகிறது, அதனால் பச்சையிலேயே எடை போட்டுவிட வேண்டும்.

மிளகு தட்டை முகர்ந்தான், சுற்றி வந்தான், கழுத்துத் துண்டைத் தேடினான். அப்புறம் தின்றான்.

எலும்பு இல்லாததால் பல்லில் காரை ஏறும், இந்த இனத்துக்குக் குட்டி வாயில் பல் நெருக்கம், போன ஜனவரியில் நான்கு பல் பிடுங்கியாயிற்று. ஆகவே பல் தேய்ப்பு. நாய்க்கென்று விற்கும் பசை, குழந்தைக்கு வாங்கும் பிரஷ். நான் உதட்டைத் தூக்கிப் பிடித்தேன், ஆயா நாற்காலியிலிருந்தே டார்ச் அடித்தார். வலது பக்கம் மேல்வரிசை முடிந்தது. அதற்குள் அவனுக்குப் பொறுமை போய்விட்டது, கையை உதறிக்கொண்டு ஆயா காலடியில் போய்ப் படுத்துவிட்டான். இடது பக்கம் நாளைக்கு.