தமிழ் பேசிய ரேஞ்சர்கள்

நியூசிலாந்துக்கு வந்து எட்டு மாதம் கழித்து, 2017 மார்ச்சில், ஆக்லாந்தில் முதன்முதலாக ஒரு தியேட்டருக்குள் நுழைந்தேன். டாலரை 45-ஆல் பெருக்கிப் பார்க்கும் வியாதி அப்போது எனக்கு முற்றிப்போயிருந்தது. ஒரு காபி குடிப்பதற்குள் நாலு முறை மனக்கணக்கு ஓடும். செவ்வாய்க்கிழமை டிக்கெட் மலிவு என்று ஃப்ளாட்மேட் சொன்னதாலும், படத்தின் பெயர் 'பவர் ரேஞ்சர்ஸ்' என்பதாலும்தான் போனேன். வண்ண உடையும் முகமூடியும் போட்டு அரக்கர்களோடு சண்டை போடும் வீரர்கள்; சின்ன வயதில் நான் டிவியில் பார்த்த தொடர்.

நான் வந்து இறங்கியது ஜூலையில். இங்கே ஜூலை நடுக் குளிர்காலம் என்று புவியியல் பாடத்தில் படித்தது நினைவில் இருந்தது. ஆனால் உடம்புக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. பழைய மர வீடு. காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். அதைத் துணியால் துடைப்பதுதான் அன்றைய முதல் வேலை. இரண்டு நாள் சோம்பேறித்தனம் பட்டால் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்துவிடும். வாடகை மாதத்துக்கு இல்லை, வாரத்துக்கு. மாதம் ஒருமுறை பயப்பட்டுப் பழகியவனுக்கு வாரம் ஒருமுறை பயம். வீட்டில் நான்கு பேர்: நான், ஒரு பஞ்சாபிப் பையன், ஒரு சீன மாணவன், அப்புறம் வீட்டைத் தன் பெயரில் எடுத்திருந்த ஒரு கிவி (ஃப்ளாட்மேட் என்று நான் சொல்வது இவனைத்தான்). கிவி என்றால் இங்கே பழத்தைவிட ஊர்க்காரனைத்தான் முதலில் குறிக்கும்.

அப்போது மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஒரு பெட்ரோல் பங்க்கில் கல்லாவில் நின்றேன். என் இங்கிலீஷ் மேல் எனக்கு நல்ல நம்பிக்கை இருந்தது, முதல் வாரம் வரை. ஒருவர் வந்து "பின் இருக்கிறதா?" என்று கேட்டார். நான் கார்டு தேய்க்கிற எஃப்ட்போஸ் இயந்திரத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் மறுபடியும் "பின்" என்றார். நானும் மறுபடியும் இயந்திரத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். கடைசியில் அவர் காற்றில் எழுதிக் காட்டினார். பேனாவாம். இங்கே 'பென்' என்பது வாயிலிருந்து வரும்போது நம் காதுக்குப் 'பின்' ஆகிவிடுகிறது. அப்புறம் எதற்கெடுத்தாலும் "ஸ்வீட் அஸ்" என்பார்கள். எதைப் போல ஸ்வீட் என்று மீதியைச் சொல்வார்கள் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன். மீதி கிடையாது, அவ்வளவுதான் வாக்கியம்.

மூன்று மாதத்தில் நானும் அப்படிப் பேச ஆரம்பித்தேன், கல்லாவில் மட்டும். எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருக்கும், யாரோ எனக்கு டப்பிங் கொடுக்கிற மாதிரி.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி ஃப்ளாட்மேட் தன் லேப்டாப்பில் அந்தப் படத்தின் ட்ரெய்லரைப் போட்டான். "இதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன்" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்து, "இதை நாங்கள்தானே எடுத்தோம்" என்றான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். அவனுடைய மாமா ஒருவர் அந்த செட்டில் தச்சு வேலை பார்த்தவராம். அரக்கன் உடைக்கிற சுவரைச் செய்து கொடுப்பது அவர் வேலை; உடைந்ததும் அடுத்த வாரத்துக்கு இன்னொரு சுவர்.

தேடிப் பார்த்தேன், உண்மைதான். 2003-இல் வந்த 'நிஞ்ஜா ஸ்டார்ம்' பாகத்திலிருந்து தொடரின் தயாரிப்பு அமெரிக்காவிலிருந்து நியூசிலாந்துக்கு மாறிவிட்டது. அதன்பின் 2023-இல் வந்த 'காஸ்மிக் ஃப்யூரி' வரை இங்கேயேதான். நான் உயிரை விட்டுப் பார்த்த 'எஸ்.பி.டி.' பாகம் 2005-இல் வந்தது. அதில் பெருநகரமாக வரும் நியூடெக் சிட்டி, நான் தினமும் பஸ்ஸில் போகிற இந்த ஆக்லாந்து. அதில் நீல நாய்த் தலையோடு வரும் கமாண்டர் டாகி குரூகராக நடித்த ஜான் டுயி, டோங்கா வம்சாவளியைச் சேர்ந்த நியூசிலாந்து நடிகர். பதினோரு வயதில் நான் அமெரிக்கா என்று நம்பிய ஊரில் எட்டு மாதமாக ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டூன் டிஸ்னி சேனல் 2004 கடைசியில் இந்தியாவுக்கு வந்தபோதே தமிழிலும் வந்தது. அதில் ஜெட்டிக்ஸ் என்று ஒரு பகுதி. கேபிள்காரர் புண்ணியத்தில் எங்கள் தெருவுக்கு அது கிடைத்தது. எங்கள் தெரு கெட்டதும் அன்றிலிருந்துதான் என்பார் அம்மா. எஸ்.பி.டி.யில் குற்றவாளியைப் பிடித்தால் உடனே ஒரு கருவியை நீட்டித் தீர்ப்புப் பார்ப்பார்கள். குற்றம் உறுதியானால் ஆளை அப்படியே சுருக்கி ஒரு கார்டுக்குள் அடைத்துவிடுவார்கள். இது எங்களுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று தெரியுமா? எல்லாரிடமும் டபிள்யூ.டபிள்யூ.ஈ. ட்ரம்ப் கார்டு இருந்தது. ஹோம்வொர்க் காட்டாதவனை அண்டர்டேக்கர் கார்டுக்குள் அடைத்தோம். கணக்கு வாத்தியாரை பிக் ஷோ கார்டுக்குள் அடைத்து, அதை ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துப் பூட்டினோம். என் தம்பிக்கு ரேஞ்சர் யாரும் வேண்டாம், அவனுக்கு டாகிதான். நாலு காலில் நடந்துகொண்டே கட்டளை போடுவான். டாகி இரண்டு காலில் நடக்கும் நாய் என்று சொன்னாலும் கேட்க மாட்டான்.

அன்று ராத்திரி எஸ்.பி.டி.யின் பழைய காட்சிகளை யூடியூபில் ஆங்கிலத்தில் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். எல்லாரும் பொய்யாகப் பேசினார்கள். உதடு சரியாகப் பொருந்துகிறது, குரல்தான் அவர்களுடையதாக இல்லை! எனக்கு அந்த ரேஞ்சர்கள் தமிழ் பேசியவர்கள். உதட்டுக்கும் குரலுக்கும் கொஞ்சம் இடைவெளி இருந்தால்தான் அசல். ஃப்ளாட்மேட் எட்டிப் பார்த்துச் சிரித்தான். அதில் சின்னச் சின்ன வேடங்களில் வருகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள், கஷ்டப்பட்டு அமெரிக்கர் மாதிரி பேசுகிறார்கள் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் காட்டினான். எனக்கு அது பிடிபடவில்லை. ஆனால் நிம்மதியாக இருந்தது. நான் கல்லாவில் செய்வதைத்தான் அவர்களும் செய்திருக்கிறார்கள்.

யோசித்தால் அந்தத் தொடரே அப்படிப் பிறந்ததுதான். ஜப்பானில் 1992-இல் வந்த ஒரு தொடரின் சண்டைக் காட்சிகளை வாங்கி, முகமூடி போடாத பகுதிகளை மட்டும் அமெரிக்க நடிகர்களை வைத்து எடுத்து ஒட்டித்தான் 1993-இல் முதல் பவர் ரேஞ்சர்ஸ் வந்தது. எஸ்.பி.டி.யும் 'டெகாரேஞ்சர்' என்ற ஜப்பானியத் தொடரிலிருந்து வந்தது. ஜப்பான் சண்டை, அமெரிக்கக் கதை, கனடாவிலிருந்து வந்த நடிகர்கள், நியூசிலாந்து மண், மேலே தமிழ்க் குரல். எங்கள் வீட்டு டிவிக்கு வந்து சேர்வதற்குள் அது எத்தனை விசா வாங்கியிருக்கும்!

இன்னொரு கூத்தும் உண்டு. அந்த முதல் தொடரில் அடிதடி அதிகம் என்று பெற்றோர்கள் புகார் கொடுத்து, 1994-இல் நியூசிலாந்து டிவியில் அதை நிறுத்திவிட்டார்கள். சில வருடம் கழித்து அதே நாட்டில் அதைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். ஃப்ளாட்மேட் சின்ன வயதில் அதை டிவியில் பார்த்ததே இல்லையாம். மாமா கொண்டுவந்த உடைந்த சுவர்த் துண்டுகளை வைத்து விளையாடியதோடு சரி.

சரி, படத்துக்கு வருகிறேன். நாங்கள் நான்கு பேரும் போனோம். பின்வரிசையில் நாற்பது வயதை நெருங்கும் ஒருவர், சிவப்பு ரேஞ்சர் போட்ட சாயம் போன டீ-ஷர்ட்டில் உட்கார்ந்திருந்தார். பேச்சிலிருந்து அமெரிக்கர் என்று தெரிந்தது. முன்வரிசையில் ஒரு அப்பாவும் ஆறு வயதுப் பையனும்.

படம் பள்ளிக்கூடத்தில் யாரோடும் ஒட்டாத ஐந்து பிள்ளைகளைப் பற்றியது. அவர்களுடைய வருத்தம், வீட்டுச் சண்டை, தனிமை என்று நிதானமாகப் போகிறது. கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் வரைக்கும் ஐந்து பேரும் சேர்ந்து ரேஞ்சராக மாறவே இல்லை. முன்வரிசைப் பையன் "இப்போ மாறுவாங்களா?" என்று அரை மணிக்கு ஒருமுறை கேட்க ஆரம்பித்து, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டான். அப்பா பாப்கார்னை நீட்டி நீட்டிச் சமாளித்தார். ஒருவழியாக உடை வந்ததும் பின்வரிசை அமெரிக்கர் பெருமூச்சு விட்டார். இரும்பும் கண்ணாடியும் கலந்த அந்த உடை அவருக்குப் பிடிக்கவில்லை. அவர்களுடைய இயந்திர விலங்குகள் ஓடி வரும்போது பழைய பாட்டைச் சில நொடி போட்டார்கள். அப்போது மட்டும் அவர் எழுந்து நின்று கத்தினார். சில நொடிதான், உட்கார்ந்துவிட்டார்.

ஊரே அழியப்போகிற நேரத்தில் வில்லி ரீட்டா ஒரு டோனட் கடையில் உட்கார்ந்து ஆற அமர டோனட் சாப்பிடுவாள். எலிசபெத் பேங்க்ஸ் அதை அனுபவித்துச் செய்திருந்தார். உலகத்தைக் காக்கும் கல் அந்தக் கிறிஸ்பி கிரீம் கடைக்கு அடியில்தான் இருக்கிறது என்று படம் முழுக்கப் பெயர் சொல்லிச் சொல்லி விளம்பரம் வேறு. அந்தக் கடையே அப்போது நியூசிலாந்தில் கிடையாது. அடுத்த ஆண்டுதான் ஆக்லாந்தின் மனுகாவ் பகுதியில் திறந்தார்கள். தெரியாத கடைக்கு எதற்கு இவ்வளவு கூச்சல் என்று ஃப்ளாட்மேட் முணுமுணுத்தான்.

எனக்குப் பிடித்தது வேறு ஒரு இடம். கறுப்பு ரேஞ்சராக வரும் ஸாக், பெரிய வாய்ச்சவடால் பேர்வழி. வீட்டுக்குப் போனால் நோயில் படுத்திருக்கும் அம்மாவிடம் சீனத்தில் பேசுகிறான். அதுவரை இருந்த துள்ளல் எல்லாம் போய், குரலே இறங்கிவிடுகிறது. அந்தக் காட்சி ஓடியபோது பக்கத்தில் என் சீன நண்பன் சப்டைட்டிலைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், ஸாக்கின் உச்சரிப்பு எப்படி என்று கேட்டேன். "எங்கள் அம்மாவிடம் பேசுகிற மாதிரி இருந்தது" என்று மட்டும் சொன்னான். அவன் எட்டு மாதத்தில் தன்னைப் பற்றிச் சொன்ன மிக நீளமான வாக்கியம் அது.

கடைசியில் சண்டை முடிந்து கூட்டம் கூடுகிற காட்சியில், வேடிக்கை பார்ப்பவர்களோடு பழைய தொடரின் ஜேசன் டேவிட் ஃபிராங்க்கும் ஏமி ஜோ ஜான்சனும் ஒரு நொடி வந்து போகிறார்கள். தியேட்டரில் நாலைந்து இடங்களில் விசில். பின்வரிசை அமெரிக்கருக்கு ஃபிராங்க் பச்சை ரேஞ்சர். நானும் கத்தினேன், எனக்கு அவர் வாத்தியார். 2004-இல் வந்த 'டைனோ தண்டர்' தொடரில் அவர் பள்ளி ஆசிரியராக, கறுப்பு ரேஞ்சராக வருவார். அதுவும் இங்கே எடுத்ததுதான். ஒரே ஆளுக்கு விசில் அடித்தோம், ஆனால் இரண்டு பேருடைய சின்ன வயதுக்கு. 2022-இல் அவர் இறந்த செய்தி வந்தபோது அந்த விசில்தான் முதலில் ஞாபகம் வந்தது.

பஸ் ஸ்டாப்பில் வாக்குவாதம். பஞ்சாபிக்குப் படம் அருமை. அவன் தொடரைப் பார்த்ததே இல்லை, ஒப்பிட ஒன்றும் இல்லை. மனதில் பட்டதை மறைக்கத் தெரியாத நீல ரேஞ்சர் பில்லிதான் ஹீரோ என்றான். அதில் எனக்கும் சம்மதம். ஆட்டிசம் உள்ள ஒரு பையனைக் கேலிப் பொருளாக்காமல் ரேஞ்சராக்கியிருந்தார்கள். ஃப்ளாட்மேட்டின் கோபத்துக்குக் காரணம் வேறு: பல வருடம் சுவர் கட்டிக் கொடுத்தது எங்கள் ஊர், பெரிய பட்ஜெட் வந்ததும் வான்கூவர் பக்கம் போய் எடுத்துவிட்டார்களே என்று. அவன் மாமா படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். எனக்கோ இதைத் தமிழில் கேட்டால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும் என்று தோன்றியது. சொன்னால் சிரிப்பார்கள் என்று, "நாட் பேட்" என்றேன். அந்த இரண்டு சொல்லையும் சுத்தமான கிவி உச்சரிப்பில் சொன்னதாக ஃப்ளாட்மேட் சான்றிதழ் கொடுத்தான்.

பஸ் வர நேரம் இருந்தது. தம்பிக்கு வாட்ஸ்அப்பில் போட்டேன். மார்ச்சில் எங்களுக்கும் ஊருக்கும் ஏழரை மணி நேர வித்தியாசம். அங்கே மதியம் ஒரு மணி. காலேஜ் கேன்டீனில் தட்டுச் சத்தத்துக்கு நடுவே எடுத்தான்.

"பவர் ரேஞ்சர்ஸ் பாத்தேன்டா. புதுப் படம்."

"டாகி இருக்கா?"

"இல்லடா. இது பழைய கதை. அந்த ஐஞ்சு பேரு."

"அப்ப என்னத்துக்குண்ணே எடுத்தானுக?"

படத்தைப் பற்றி வேறு எதுவும் கேட்கவில்லை. நானும் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்: எஸ்.பி.டி. இந்த ஊரில் எடுத்தது, டாகியாக நடித்தவரும் இந்த ஊர் நடிகர்தான். கொஞ்ச நேரம் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் எங்கே இருக்கிறான் என்று கேட்பவர்களுக்கு நியூசிலாந்து என்றால் புரிவதில்லை, பெரியப்பா இன்னும் ஆஸ்திரேலியா என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், இனிமேல் டாகி ஊர் என்று சொல்லிவிடுகிறேன் என்றான்.

பஸ் வந்துவிட்டது, வைக்கிறேன் என்றேன்.

"சரிண்ணே. டாகியப் பாத்தா நான் கேட்டதாச் சொல்லு."