சன்பேக் படகு: ஒட்டாத பிளாஸ்டிக்கோடு பதினாறு நாள்

2024 ஜூன் 8, சனி

திங்கள்கிழமை பள்ளி திறக்கிறது. அதற்குள் மோட்டார் வைத்த படகு வேண்டும் என்று அக்கா மகன் நிற்கிறான். அதுவும் இங்கே தூத்துக்குடி கரையில் நிற்கும் ஃபைபர் படகு மாதிரியே மூக்கு தூக்கி இருக்கணுமாம். கைவசம் இருந்தது, பக்கத்துத் தெரு டியூஷன் சென்டர் கழற்றிப் போட்ட சன்பேக் போர்டு, அதாவது விளம்பரம் அச்சடித்த பிளாஸ்டிக் அட்டை. எடை இல்லை, தண்ணீரில் ஊறாது, பேனா கத்தியிலேயே வெட்டலாம். படகுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வெட்டினோம். பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்க்கு விற்கும் உடனடிப் பசையின் குட்டி ட்யூப் நான்கு வாங்கி ஒட்டினோம். பத்து நிமிடம் கழித்து அவன் தூக்கிப் பார்த்தான். அடித்தட்டு தரையிலேயே இருந்தது, பக்கச்சுவர் மட்டும் கையோடு வந்தது. பசை கண்ணாடித் தாள் போல முழுசாக உரிந்துவிட்டது. போர்டில் ஒரு கீறல்கூட இல்லை. என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் அருமையாக ஒட்டியிருந்தன.

ஜூன் 9, ஞாயிறு

பசையைத் திட்டிப் பயனில்லை. சன்பேக் என்பது பாலிபுரொப்பிலீன். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், ஏனென்றால் அதன் அடர்த்தி 0.9 அளவுதான். பாலிஎத்திலீனும் மிதக்கும். பொம்மை கிட்களில் வரும் பாலிஸ்டைரீன் மூழ்கும். அடையாளம் தெரியாத துண்டு கிடைத்தால் ஒரு டம்ளர் தண்ணீர்தான் முதல் சோதனை. மிதந்தால் ஒட்டுவதற்குப் படுத்தும் என்று எடுத்துக்கொள்ளலாம். காற்றுக்குமிழி ஒட்டியிருக்கும் துண்டும் நுரைப் பிளாஸ்டிக்கும் ஏமாற்றும்.

அந்தப் பொம்மை கிட்களை ஒட்டும் பசை உண்மையில் பசையே இல்லை. அது கரைப்பான். பாலிஸ்டைரீனின் இரண்டு முகத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். பாலிபுரொப்பிலீனை அறை வெப்பத்தில் அப்படிக் கரைக்க முடியாது. மேலே உட்காரவும் பசைக்கு இடம் கிடையாது. சேம்பிலைத் தண்ணீர் கதைதான். மீட்டருக்கு மில்லிநியூட்டன் கணக்கில் பாலிபுரொப்பிலீனின் பரப்பு ஆற்றல் 30 அளவு. தண்ணீரின் பரப்பு இழுவிசை 72, இரண்டைக் கலந்தால் இறுகும் எப்பாக்சி பசையின் ரெசினுக்கு நாற்பதுக்கு மேல். திரவத்தின் எண் பெரிதாக இருந்தால் அது பரவாது, உருண்டு நிற்கும். பரவாத பசை எப்படிப் பிடிக்கும்? உப்புத்தாள் போட்டும் பார்த்தேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

பழைய எனாமல் பெயிண்டை ஒரு துண்டில் தடவி வைத்திருந்தேன். அதுவும் நகத்தால் சுரண்டினால் தோலாக வருகிறது. அப்படியானால் டியூஷன் சென்டர்காரர் அடித்த எழுத்து மட்டும் எப்படி நிற்கிறது?

ஜூன் 12, புதன்

விடை: கரோனா. நோய் அல்ல, மின்சாரம். அச்சடிப்பதற்கான ஷீட்டை ஆலையிலேயே உயர் மின்னழுத்தப் பொறிக்குக் கீழே ஓடவிடுவார்கள். மேல்பரப்பில் ஆக்சிஜன் ஏறிக்கொள்ளும், மை பிடிக்கும். நாளாக ஆக அந்தக் குணம் மங்கிவிடும். என் போர்டு வெயிலில் எத்தனை வருடம் கிடந்ததோ.

அதே வேலையை வீட்டில் நெருப்பு செய்யும். சின்ன கேஸ் டார்ச், நீலச் சுவாலையின் நுனி, அரை நொடிக்கும் குறைவாக ஒரே இழுப்பு. முதல் துண்டு அப்பளம் போலச் சுருண்டது. இரண்டாவது பளபளவென்று உருகியது. ஐந்தாவதில்தான் கை பழகியது. பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியக்கூடாது, தண்ணீர் விட்டால் மட்டும் முத்தாக நிற்காமல் படலமாகப் பரவ வேண்டும். சிகரெட் லைட்டரின் மஞ்சள் சுவாலை கரியை அப்பிவிடும், வேண்டாம். கரைப்பான் பாட்டில்களை வேறு அறையில் வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, ஈரத்துணியோடு செய்தேன். மருமகனுக்கு வாசற்படியில் இருந்து பார்க்க மட்டும் அனுமதி.

நெருப்பு காட்டியவுடன், விரல் படாமல், இரண்டு ட்யூப் எப்பாக்சியைக் கலந்து ஒட்டினேன். மறுநாள் பிய்த்தேன். இணைப்பு விடவில்லை, சன்பேக்கின் மேல்தோல்தான் கிழிந்தது. இத்தனை சந்தோஷமாக எதையும் நான் கிழித்ததில்லை.

ஜூன் 16, ஞாயிறு

மூட்டு பிடிக்கும் என்று தெரிந்ததும் புத்தி வேறு பக்கம் போனது: மூட்டே இல்லாமல் செய்தால் என்ன? சன்பேக் இரண்டு தோல், நடுவில் குழல் குழலாகச் சுவர். ஒரு தோலை மட்டும் குழலின் போக்கில் கீறினால் மற்றது கீலாக மடங்கும். பாலிபுரொப்பிலீன் ஆயிரம் தடவை மடித்தாலும் ஒடியாத ஜாதி. கெச்சப் பாட்டில் மூடியின் கீல் இதுதான். அடித்தட்டும் இரண்டு பக்கமும் ஒரே ஷீட்டில் வந்துவிட்டன. சுக்கானுக்கும் அதே கீல். ஒட்ட வேண்டியது மூக்கும் பின்பலகையும் மட்டுமே.

அங்கும் முதலில் தங்கூசி (மீன்பிடி நைலான் நூல்) கோத்துத் தைத்தேன், பிறகு நெருப்பு, பிறகு எப்பாக்சி. சோழமண்டலக் கரையின் மசூலா படகுகளை ஆணி அடிக்காமல் கயிற்றால்தான் தைத்தார்கள். அலை மோதும்போது விறைத்து உடையாமல் நெளிந்து கொடுப்பதற்காக. தையல் இழுவையைத் தாங்கும், எப்பாக்சி தண்ணீரைத் தடுத்தால் போதும்.

“மாமா, இது படகா, சட்டையா?” என்கிறான். “ஏலே, நூலைப் பிடி.”

ஜூன் 20, வியாழன்

குழல்களின் திறந்த வாய் தொல்லை. தண்ணீர் புகுந்தால் வெளியே வராது. அதே ஷீட்டில் நறுக்கிய கீற்றைச் சால்டரிங் அயர்னால் உருக்கி ஒவ்வொரு வாயாக அடைத்தேன். உடைந்த பக்கெட் துண்டையும் முயன்றேன். அது பாலிஎத்திலீன். உருகுகிறது, ஆனால் சேரவில்லை. ஆறியதும் பொட்டென்று விழுந்தது.

நண்பர் ஒரு பிரைமர் கொண்டுவந்தார். ஹெப்டேன் கலந்த திரவம், தடவினால் நொடியில் காய்கிறது, மேலே சயனோ பசை. முதல் நாள் என்னை ஏமாற்றிய அதே ஐந்து ரூபாய் ட்யூப் இப்போது பிடிக்கிறது! ஒரே பூச்சுதான், கூடினால் கெடும். ஆனால் அந்த இணைப்பு கண்ணாடி ஜாதி. தட்டினால் விடும், தண்ணீரிலும் நெடுநாள் நம்ப முடியாது. மேல்மூடியின் கைப்பிடிக்கு அது போதும் என்று விட்டேன்.

மோட்டாரில் இருந்து விசிறிக்குப் போகும் அச்சுக்கு சைக்கிள் ஸ்போக், அதற்கு உறையாகப் பழைய ரேடியோ ஏரியலின் பித்தளைக் குழாய். குழாயைச் சுற்றி ஆறு துளை போட்டு, எப்பாக்சி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் பித்தான் போல விரிந்து இறுகும்படி விட்டேன். இங்கே ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் கவலையில்லை.

ஜூன் 23, ஞாயிறு

மொட்டைமாடித் தொட்டி. இறக்கிய உடனே மூக்கின் இடது மூலையில் இருந்து குமிழி. எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் பார்த்தால் எப்பாக்சிக்கு அடியில் என் கட்டைவிரல் ரேகை அச்சாக விழுந்திருக்கிறது. நெருப்பு காட்டிய பிறகு தொட்டிருக்கிறேன். சுரண்டி, மறுபடி காட்டி, மறுபடி பூசி, சாயங்காலம் வரை காத்திருந்தோம்.

ஆறு மணிக்கு ஓடியது. சுக்கான் கொஞ்சம் வலப்பக்கம் இழுக்கிறது, அதனால் தொட்டியை வட்டமடித்துக்கொண்டே இருக்கிறது. பெயிண்ட் அடிக்கத்தான் முடியாது, பழைய எழுத்தையாவது கரைப்பானால் துடைத்துவிடலாம் என்றேன். மருமகன் விடவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் “அட்மிஷன் நடைபெறுகிறது” என்று ஒரு முறை காட்டிவிட்டுத் திரும்புகிறது.