குளத்துப் படியின் சாம்பல்

அக்டோபர் 8

கண்புரை அறுவைக்கு இடது கண்ணுக்குத் தேதி கிடைத்துவிட்டது. 22. வலது கண் அதற்கு ஒரு மாதம் கழித்து.

அக்டோபர் 9

காலையில் மகாமகக் குளம். காசி விசுவநாதர் கோயில் பக்கத்துக் கரை. ராத்திரி பெய்த மழையில் படிகள் நனைந்திருந்தன. தண்ணீருக்கு மேலே மூன்றாவது படி. அந்தச் சாம்பல் நிறத்தை நாற்பது வருடமாகக் கலந்துகொண்டிருக்கிறேன், இன்னும் கைக்கு வரவில்லை.

கறுப்பை எடுத்துத் தண்ணீர் விட்டால் கிடைப்பது அடுப்புச் சாம்பல். கல் அப்படி இருக்காது. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா செம்பழுப்பையும் தட்டில் முழுதாகக் குழைக்காமல், ஈரத் தாளின் மேலேயே சந்திக்கவிட வேண்டும். அல்ட்ராமரின் தாளின் குழிகளில் இறங்கிக் குருணை குருணையாகத் தங்கும். கருங்கல்லின் பொரி அப்படித்தான் வரும், பிரஷ்ஷால் புள்ளி வைத்து வராது. காய்ந்ததும் நிறம் ஒரு பங்கு வெளுத்துவிடும் என்பதால் ஈரத்தில் பார்க்கும்போது கொஞ்சம் பயமாக இருக்கும் அளவுக்கு அடர்த்தியாகப் போட வேண்டும். கவின் கலைக் கல்லூரியில் படித்தபோது இதே கரையில் உட்காரவைத்துத்தான் இதைச் சொன்னார்கள்.

இன்றைய தாளைக் கிழிக்கவில்லை. திருப்தியும் இல்லை.

அக்டோபர் 11

மழை. தாள் காய மறுக்கிறது. போன வருடம் வாங்கிவைத்த 300 ஜிஎஸ்எம் தடித்தாள் கட்டின் மேலிருந்த நான்கு தாள்கள் கெட்டுப்போய்விட்டன. ஈரக்காற்றில் ஜெலட்டின் பூச்சு செத்துப்போனால் நிறம் மேலே நிற்காது, மையொற்றுத்தாள் மாதிரி உறிஞ்சிவிடும். வானம் போடப் போன இடத்தில் அம்மைத் தழும்பு. மிச்சத்தைப் பாலிதீன் உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

அக்டோபர் 14

அல்ட்ராமரின் தீர்ந்துவிட்டது. வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை.

அக்டோபர் 16

இன்று பேனா மட்டும். நிறத்தை நம்ப முடியாத நாட்களில் மை பெரிய ஆறுதல். ஓவியர் ஆதிமூலம் 1969 காந்தி நூற்றாண்டுக்குப் போட்ட கோட்டோவியங்களைப் பார்த்துத்தான் நான் நிப்பைத் தொட்டேன். அந்தக் கோடு ஒரு உருவத்தைச் சுற்றி வருவதில்லை, உருவத்துக்குள் அலைகிறது. அதற்கும் முன்னால், சின்ன வயதில், விகடனில் சில்பி வரைந்த கோயில் சிற்பங்கள். கல்லின் உருட்சியை வெறும் கோட்டின் நெருக்கத்திலேயே கொண்டுவந்துவிடுவார்.

மண்டபத் தூண் ஒன்றை இந்தியன் இங்க்கில் போட்டேன். அதில் ஷெல்லாக் என்கிற அரக்கு இருப்பதால் காய்ந்துவிட்டால் மேலே நீர்த்த நிறத்தில் எவ்வளவு வாஷ் போட்டாலும் கோடு அசையாது. நிழல் விழும் பக்கத்துக்கு மட்டும் சாதாரண பவுண்டன் பேனா மை. அதன் மேல் ஈர பிரஷ்ஷை இழுத்தால் கோடே கரைந்து நிழலாகும். ஒரே தூணில் நிற்கிற கோடும் ஓடுகிற கோடும்.

படியைப் போடவில்லை.

அக்டோபர் 19

பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு 1912இல் கண்புரை என்று சொன்னார்கள். 1923 வரை அறுவைக்கு அவர் போகவில்லை. குழாயின் மேல் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து நிறம் எடுத்தாராம். அப்புறம் வலது கண்ணில் செய்துகொண்டு, எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று புலம்பினார்.

பதினொரு வருடம். எனக்கு அது பயம் என்றுதான் தோன்றுகிறது, பிடிவாதம் இல்லை.

அக்டோபர் 21

நாளை. “ஏங்க, அந்தப் பெட்டியை மூடி வைங்க, ஒரு நாள் கையைக் காலை வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க” என்றாள். மூடினேன். பிறகு திறந்து பிரஷ்களை ஒவ்வொன்றாகக் கழுவினேன்.

அக்டோபர் 23

கட்டைப் பிரித்தார்கள்.

சுவர் வெள்ளை. தலையணை உறை வெள்ளை. இந்த வெள்ளையை நான் எப்போது மறந்தேன்?

இவள் உடுத்தியிருந்தது காப்பிப்பொடி நிறம் என்றே நினைத்திருந்தேன். கத்தரிப்பூ. போன தீபாவளிக்கு நான் கூடப் போய் எடுத்த புடவை.

அக்டோபர் 24

இடது கண்ணை மூடினால் தாள் நல்லெண்ணெய் தடவியது மாதிரி. வலது கண்ணை மூடினால் பால், அதில் ஒரு சொட்டு நீலம். மாற்றி மாற்றிப் பார்த்ததில் தலை வலிக்கிறது. போதும் என்று சொல்லிக்கொண்டு மறுபடி பார்க்கிறேன்.

அக்டோபர் 27

குனியக் கூடாது. மகள் வந்திருந்தாள். படக்கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னேன்.

நீலம். சாரங்கபாணி கோயில் தேர் நீலம். காவிரி மணல் நீலம். வாழைத்தோப்பு விடிகாலை நீலம். மூன்று வருட வேலை. இதில் எத்தனையோ பேர் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன.

“நல்லாத்தானே இருக்குப்பா” என்றாள். அவளுக்கு முதலிலேயே அப்படித்தானே தெரிந்திருக்கும். ஏன் யாரும் சொல்லவில்லை? என் பாணி என்று நினைத்துவிட்டார்களா?

சாப்பிடப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 30

எல்லாம் நீலம் இல்லை.

விடியும் முன்பே எழுந்து, நானே சுவரோரம் நடந்து மறுபடி பார்த்தேன். குளக்கரையில் உட்கார்ந்து போட்டவை சரியாக இருக்கின்றன. எட்டாம் தேதிக்கு மறுநாள் போட்ட படிகூடச் சரி. வீட்டில் நினைவிலிருந்து போட்டவைதான் நீலம்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். கரையில் இருக்கும்போது கல்லையும் தாளையும் புரை படிந்த ஒரே மஞ்சள் கண்ணால்தான் பார்க்கிறேன். இரண்டும் ஒத்துப்போகும்வரை கலக்கிறேன், மஞ்சள் இரு பக்கமும் கழிந்துவிடுகிறது. வீட்டில் கல் இல்லை. பழைய கண் பார்த்து வைத்த சாம்பல் மனசில் இருக்கிறது, தாளில் அது வரவில்லை என்று நீலத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். நான்கு மாதத்தில் ஒரு குழாய்!

நவம்பர் 2

சொட்டு மருந்து, நாலு வேளை.

நவம்பர் 6

தேர்ப் படத்தின் ஓரத்தில் மட்டும் சோதித்தேன். பலகையை ஈசலில் நிமிர்த்தி வைத்து, நின்றபடி. ஈர பிரஷ்ஷால் தேய்த்து, டிஷ்யூவால் ஒற்றி எடுத்தால் அல்ட்ராமரின் பாதிக்கு மேல் கிளம்புகிறது. இந்தியன் இங்க் கோடு அப்படியே கிடக்கிறது. அப்படியானால் நிறத்தை மட்டும் கழுவி, அதே கோட்டின் மேல் மறுபடி போடலாம்.

விற்ற படங்களை என்ன செய்ய? வாங்கியவரைக் கூப்பிட்டு, ஐயா, உங்கள் வீட்டுக் காவிரி தப்பு, திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பதா? கேட்கத்தான் வேண்டும் போல இருக்கிறது. போனை எடுத்து வைத்துவிட்டேன்.

நவம்பர் 12

குளம். வலது கண்ணைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு மூன்றாவது படியைப் பார்த்தேன். சாம்பலுக்குள் ரோஜா இருக்கிறது. தண்ணீர் தொடும் இடத்தில் பாசியின் பச்சை, அதற்குமேல் விரல்கடை அகலத்துக்கு ஊதா. ஸ்கெட்ச் நோட்டைத் திறக்கவேயில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 19

வலது கண்ணுக்கு 24 என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் ஐந்து நாள். அதற்குள் ஒரு காலை, இடது கண்ணைக் கட்டிக்கொண்டு, அந்தப் படியைப் பழைய கண்ணால் ஒரு தடவை போட்டுவிட வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு தாளில் புதுக் கண்ணால்.

நாளை மழை இல்லையென்றால்.