பாட்டின் நேரத்துக்குக் கட்டுப்படும் கேமரா

திரைப்படத்தில் பெரும்பாலும் காட்சி முதலில் உருவாகிறது, பின்னணி இசை அதற்கேற்ப அமைகிறது. இசைக் காணொளியில் பாட்டு முன்னரே முடிந்துவிட்ட ஒன்று; அதன் ஒரு நொடியைக்கூட இயக்குநர் தம் விருப்பத்துக்கு நீட்டவோ குறைக்கவோ முடியாது. இவ்வடிவத்தின் மரபுகளில் பலவும் இந்தக் கட்டுப்பாட்டிலிருந்தே பிறந்தவை என்று நான் கருதுகிறேன்.

படப்பிடிப்பில் பாட்டை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, பாடகரை அதனோடு சேர்ந்து வாயசைக்கச் செய்கிறார்கள். வெறுமனே உதட்டை மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பும் மூச்சும் உடன்வராமல் பொய் உடனே தெரிந்துவிடும் என்பதால், குரலெடுத்து உண்மையாகவே பாடுவதுதான் நல்லது. முழுப் பாட்டையும் வெவ்வேறு கோணங்களில் திரும்பத் திரும்பப் பதிவு செய்துகொண்டால், ஒரே வரிக்குள் ஆடையும் இடமும் மாறினாலும் பார்ப்பவர் தடுமாறுவதில்லை. அறுபடாத பாட்டு அந்தத் துண்டுகளை ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது.

என்னை மிகவும் கவர்ந்த நுட்பம் ஸ்லோ மோஷனில் வரும் வாயசைப்பு. பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு, பாடகரும் அதே வேகத்தில் பாட, கேமரா நொடிக்கு 48 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வீதம் பதிவு செய்கிறது. அதை 24 ஃபிரேமில் ஓட்டும்போது உதடுகள் இயல்பான வேகத்துப் பாட்டோடு பொருந்திவிட, கூந்தலும் துணியும் தெறிக்கும் நீரும் மட்டும் பாதி வேகத்தில் மிதக்கின்றன. கணினி வரைகலை எதுவும் இல்லாமல், வெறும் கணக்கினால் கிடைக்கும் கனவுத்தன்மை இது.

படத்தொகுப்பிலும் கணக்கு தொடர்கிறது. நிமிடத்துக்கு 120 தட்டு (தாளத்தின் பீட்) கொண்ட பாட்டில், நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு தட்டுக்குச் சரியாக 12 ஃபிரேம் வரும். 25 ஃபிரேம் என்றால் பன்னிரண்டரை வருவதால், ஒன்றுவிட்டு ஒரு தட்டில் வெட்டு (ஒரு ஷாட் அடுத்ததற்கு மாறும் இடம்) சற்று முன்னோ பின்னோதான் விழ வேண்டும். ஆனால் ஒவ்வொரு தட்டிலும் வெட்டுவது தாளத்தைக் காட்டுவதாகாது. சிறிது நேரத்திலேயே அது கண்ணை மரத்துப்போகச் செய்கிறது. பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் விழும் ஒரு வெட்டு, பத்துத் தட்டுகளில் விழும் வெட்டுகளைவிட இசையை நன்றாகக் கேட்கவைக்கும்.

வெட்டைக் குறைத்தும் இசையைக் காட்டலாம் என்பதற்கு, டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு மின்னணு இசைக் குழுவின் 'அரவுண்ட் தி வேர்ல்ட்' பாட்டுக்கு இயக்குநர் மிஷெல் கோந்த்ரி 1997இல் எடுத்த காணொளியையே சொல்வேன். அதில் ஆடுவோரின் ஒவ்வொரு கூட்டமும் ஒரு கருவிக்கு உரியது: எலும்புக்கூடுகள் கிட்டாருக்கு, மம்மிகள் டிரம் ஒலிக்கு, ரோபோக்கள் குரலுக்கு. தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிட்டாரின் சுரம் ஏறி இறங்குவதற்கேற்ப ஒரு கூட்டம் படிகளில் ஏறி இறங்குவதால், இசைப் பயிற்சி இல்லாதவரும் அந்த ஒலியை மற்றவற்றிலிருந்து பிரித்துக் கேட்டுவிட முடிகிறது.