சென்னையில் மூன்று கறுப்புக் கட்டைகள்

ஜூலை 7, 2024, ஞாயிறு

இன்றும் தோற்றோம். தொடர்ந்து மூன்றாவது ஞாயிறு.

'பேண்டமிக்' பெட்டியைத் திறந்தால் சாப்பாட்டு மேசையில் பாதியை உலக வரைபடம் பிடித்துக்கொள்கிறது. 48 ஊர்கள், நான்கு நிறங்களில் நான்கு நோய்கள், நிறத்துக்கு 24 சிறு கட்டைகள். மாட் லீகாக் உருவாக்கி 2008-இல் வெளிவந்த ஆட்டம். இதில் யாரும் யாரையும் தோற்கடிப்பதில்லை. அத்தை, தங்கை, பக்கத்து வீட்டுப் பையன், நான் ஆகிய நால்வரும் ஒரே அணி. எதிரில் நோய் மட்டும்தான். அதனால்தான் எனக்கு இது இவ்வளவு பிடித்திருக்கிறது.

சென்னையும் அந்த வரைபடத்தில் இருக்கிறது, கறுப்பு நோயின் பகுதியில். நோய் அட்டையைப் புரட்டும்போது எந்த ஊர் வருகிறதோ அங்கே ஒரு கட்டை வைக்க வேண்டும். மூன்று கட்டைகள் நிற்கும் ஊரில் நான்காவது வைக்க வேண்டி வந்தால் நோய் வெடித்து, இணைந்த ஊர்களுக்கெல்லாம் ஊருக்கொன்றாகப் பரவும். இன்று சென்னை வெடித்தது. மும்பை, தில்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கட்டை. கொல்கத்தாவில் ஏற்கெனவே மூன்று, அதுவும் வெடித்தது. தில்லியில் இரண்டு இருந்தன. இரு பக்கத்திலிருந்தும் வந்து அதுவும் போயிற்று. எட்டு வெடிப்புகள் ஆனால் ஆட்டம் முடிந்தது. ஒரே அட்டையில் ஐந்திலிருந்து எட்டுக்குப் போய்விட்டோம்.

பெட்டியை மூடும்போது அத்தை சொன்னார்: "நாலு பேர் ஆட்டத்தையும் நீயே ஆடிவிடுகிறாய், கண்ணு. நாங்கள் காயைத் தூக்கி வைக்க மட்டும்தானா?"

நான் பதில் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

ஜிஎஸ்டிஆர்-1, அதாவது மாத விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டி படிவம், தாக்கல் செய்யக் கடைசி நாள். பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் பார்ட்டி ஒருவர் ஜூன் மாத விற்பனை பில்களை நேற்று இரவு பத்து மணிக்குத்தான் அனுப்பினார். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிப்போனதுதான். அதற்காக நான் யாரையும் நொந்துகொள்வதில்லை.

என்னால் தாங்க முடியாதது சீனியர் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பது. "அதைத் திற. மேலே போ. இல்லை, அந்த வரிசை." ஆறு ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலை. கடைசியில் குனிந்து மௌஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு திரையில் என்ன நடந்தது என்று நான் கவனிக்கவில்லை. கவனிக்கத் தோன்றவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

அத்தையிடம் நானே போய்ச் சொன்னேன்: கேட்டால் தவிர இன்று வாய் திறக்க மாட்டேன்.

எவ்வளவு கடினம்! இஸ்தான்புல்லில் மூன்று சிவப்... இல்லை, மூன்று கறுப்புக் கட்டைகள் நிற்கின்றன. அதன் அட்டை எந்த நொடியும் வரலாம். பையனுக்கு மருத்துவர் பாத்திரம்; ஒரு ஊருக்குப் போனால் ஒரே செயலில் அங்குள்ள ஒரு நிறக் கட்டைகளை முழுதும் எடுத்துவிடுவான். அவன் இஸ்தான்புல்லை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனான். சென்னையின் அட்டை சற்று முன்புதான் வந்து கழிந்திருந்தது. அங்கே இப்போது என்ன அவசரம்? நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சுற்றிலேயே எபிடெமிக் அட்டை வந்தது. அது வந்தால் கழிந்த நோய் அட்டைகளையெல்லாம் கலைத்து அட்டைக் கட்டின்மேல் திரும்ப வைக்க வேண்டும். முதலில் புரட்டியது சென்னை. அங்கே ஒரு கட்டைகூட இல்லாததால் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்தோம்.

"கழிந்ததுதான் மறுபடி முதலில் வரும் அண்ணா, அதனால்தான் போனேன்" என்றான். ஏழாம் வகுப்புப் படிக்கிறவன். மூன்று வாரங்களாக இதை அவனிடம் நான் கேட்கவே இல்லை.

அத்தைக்கு ஆராய்ச்சியாளர் பாத்திரம். மருந்து கண்டுபிடிக்க நாங்கள் கையில் சேர்க்கும் ஊர் அட்டைகள் வேறு கட்டு. பொதுவாக, இருவரும் எந்த ஊரில் நிற்கிறார்களோ அந்த ஊரின் அட்டையைத்தான் கைமாற்ற முடியும். ஆராய்ச்சியாளர் மட்டும் தன் கையிலுள்ள எந்த ஊர் அட்டையையும் கொடுக்கலாம். தங்கை நிற்கும் ஊருக்குப் போய் இரண்டு நீல அட்டைகளைக் கொடுத்தார். நீல நோய்க்கு மருந்து கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவர், எத்தனை அட்டைகள் மீதி என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். ஐந்து எபிடெமிக் அட்டைகளோடு நால்வர் ஆடினால் மொத்தம் 25 முறைதான் ஆட முடியும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான்கில் மூன்று மருந்துகளோடு அந்த அட்டைகள் தீர்ந்துபோயின. தோல்விதான். ஆனால் எல்லோரும் பேசினோம், இரவு உணவு ஆறிப்போகும்வரை.

ஜூலை 20, சனி

மாத வரியைக் கணக்கிட்டுக் கட்டும் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பிக்குக் கடைசி நாள். இரவு பத்தரைக்கு இதை எழுதுகிறேன்.

ஒரு பார்ட்டியின் கொள்முதல் பில் ஒன்று 2பி-யில், அதாவது சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலில், வரவில்லை. 2022 ஜனவரியிலிருந்து, அதில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது; கொள்முதலில் கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழிக்க முடியாது. செவ்வாய்க்கிழமையே சொன்னேன், சப்ளையருக்கு ஒரு போன் செய்து கேட்கிறேன் என்று. "சொன்னதை மட்டும் செய்" என்றார் சீனியர். இன்று மாலை ஆடிட்டர் அதைக் கண்டுபிடித்தார். வரவை நீக்கியதால் பார்ட்டி கூடுதலாகப் பணம் கட்ட வேண்டியதாயிற்று. போனில் என்னைத்தான் கத்தினார். சீனியர் பக்கத்து மேசையில் தலைகுனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை நான் மறக்கப்போவதில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். அந்தப் பதற்றத்தில், எங்களிடம் ஆடிட்டர் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள் மாணவி மெதுவாகத் தட்டச்சு செய்ததைப் பார்த்து மௌஸை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். "சரி சார்" என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 21, ஞாயிறு

ஆடவில்லை. மதியம்வரை தூங்கினேன். பையன் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனானாம்.

ஜூலை 23, செவ்வாய்

மாணவியிடம் சனிக்கிழமை நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றார். பேச்சு அதோடு நின்றது. மதியம் ஒரு பார்ட்டியின் கொள்முதல் கணக்கை முழுதாக அவரிடம் கொடுத்தேன். நான் முக்கால் மணி நேரத்தில் முடிப்பது. அவருக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன், இல்லாவிட்டால் கை சும்மா இருக்காது. பில் எண்ணில் ஒரு பூஜ்யம் விடுபட்டதால் பொருந்தாமல் கிடந்த இரண்டு பதிவுகளை அவரே கண்டுபிடித்துக் காட்டினார்.

சீனியரோடு வேலைப் பேச்சு மட்டும்தான். அவர் மாறுவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

ஜூலை 28, ஞாயிறு

31-ஆம் தேதி வருமான வரிக் கணக்குக்குக் கடைசி நாள் என்பதால் இன்றும் அலுவலகம். சாயங்காலம் தங்கையிடமிருந்து ஒரு படம் வந்தது. மேசையில் வரைபடம், கீழ் ஓரத்தில் நான்கு மருந்துகளும் வரிசையாக. கறுப்பு மருந்தைக் கண்டுபிடித்தது பையனாம். சென்னையில் ஒரு கட்டைகூட இல்லை.

நான் இல்லாமலே வென்றுவிட்டார்கள். படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு ஊராகப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது, வலிக்கவும் செய்தது. வீட்டுக்குப் போனதும் முதல் சுற்றிலிருந்து எப்படி ஆடினார்கள் என்று மூவரையும் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்.