விட்ஜன் நீர்விமானம்: மூன்றாவது அடிப்பாகம்

அடிப்பாகத்தை மூன்றாவது முறையாகச் செதுக்கி முடித்துவிட்டேன். இந்த முறை சரியாக வந்திருக்கிறது.

நான் செய்துகொண்டிருப்பது கிரம்மன் ஜி-44 விட்ஜன் விமானத்தின் மாதிரி. பால்சா மரம், 1:32 அளவு. அசல் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 12.19 மீட்டர் என்பதால் என் மேசையில் அது 38 சென்டிமீட்டர். நீளம் 30-க்குச் சற்றுக் குறைவு. ‘ஃபேண்டசி ஐலண்ட்’ தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்த விமானத்தைத் தெரியும். 1978 முதல் 1984 வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்த தொடர் அது. அதில் நடித்த ஹெர்வே வில்லெசேஸ் மணிக்கூண்டில் ஏறி, மணியை அடித்து, “விமானம்! விமானம்!” என்று கூவுவார். தீவுக்கு விருந்தாளிகளைச் சுமந்துகொண்டு விட்ஜன் வரும். அந்த மணிக்கூண்டு வீடு கலிஃபோர்னியாவின் ஆர்க்கேடியா தாவரப் பூங்காவில் இருக்கிறது. தொடக்கக் காட்சியில் வரும் அருவி ஹவாயின் காவாய் தீவில் இருக்கிறது. இரண்டையும் ஒரே தீவாக நம்மை நம்ப வைத்தது நடுவில் பறந்து வந்த விமானம்தான்.

விட்ஜன் என்பது ஒரு வாத்தின் பெயர். அதன் ஐரோப்பிய, ஆசிய இனம் குளிர்காலத்தில் கோடியக்கரைப் பக்கம் வரும். நம் பறவை ஆர்வலர்கள் அதை நாமத்தலை வாத்து என்பார்கள். கிரம்மன் நிறுவனம் தன் நீர்விமானங்களுக்கு வாத்து, கூஸ், மல்லார்ட், ஆல்பட்ராஸ் என்று நீர்ப்பறவைகளின் பெயர்களாகவே வைத்தது. 1937-இல் வந்த கூஸ் பெரியது. அதன் தங்கையாக 1940-இல் முதன்முதலில் பறந்தது விட்ஜன். மொத்தம் ஐந்து பேர் உட்காரலாம். கிரம்மன் கட்டியவை 276. போருக்குப் பின் பிரான்சில் உரிமம் பெற்று 41 கட்டினார்கள்.

சரி, அடிப்பாகத்துக்கு வருகிறேன். விட்ஜனின் வயிறு ஒரு படகு. ஏரா எனப்படும் நடு அடிமுதுகிலிருந்து இரு பக்கமும் சரிந்து ஏறும் அந்த அடித்தளம் இறக்கைக்குக் கீழே வந்ததும் சட்டென்று முறிந்து, ஒரு படி போல மேலேறிவிடும். அந்தப் படி ஏன் என்பதை, சமையலறைக் குழாயில் ஒரு கரண்டியைப் பிடித்துப் பார்த்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். கரண்டியின் முதுகு நீர்த்தாரையைத் தொட்டவுடன் தாரை அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வளைந்த பரப்பை நீர் அப்படித்தான் பற்றிக்கொள்ளும். விமானத்தின் அடியும் ஒரே வளைவாக இருந்தால் நீர் அதை விடாது. படியின் கூர்விளிம்பில் நீர் அறுபட்டு, பின்னால் காற்று புகுந்தால்தான் உடல் எழும்பி, முன்பாதியின் மேல் மட்டும் வழுக்கி ஓடி, வானேறும்.

என் மாதிரியில் அந்தப் படி இரண்டு தீக்குச்சித் தடிமன்தான். முதல் முறை, ஒரே கட்டையில் செதுக்கி உப்புத்தாள் போட்டபோது விளிம்பு மழுங்கிவிட்டது. இரண்டாம் முறை பிளேடு மரத்தின் ரேகை வழியே ஓடி, ஒரு பக்கத்தைப் பிளந்துவிட்டது. இந்த முறை முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனிக் கட்டைகளாக இழைத்து, மெருகேற்றிய பிறகே ஒட்டினேன். விரலை வைத்தால் விளிம்பு தைக்கிறது. அவ்வளவு மகிழ்ச்சி.

எந்திரக் கூடுகள் எளிதாக முடிந்தன. தொடக்கத்தில் இந்த விமானத்துக்கு ரேஞ்சர் எந்திரங்கள்: ஆறு சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகீழாகத் தொங்கும், ஒவ்வொன்றும் 200 குதிரைத்திறன். அதனால் கூடு ஒல்லியாக இருக்கும். பிற்காலத்தில் பலர் வலுவான எந்திரங்களை மாட்டி அந்த ஒல்லி அழகைப் போக்கிவிட்டார்கள். நான் செய்வது கிரம்மனின் பெத்பேஜ் ஆலையிலிருந்து வெளிவந்த வடிவம்.

பசை காயும் நேரத்தில் படித்த ஒன்று மனத்தை விட்டுப் போகவில்லை. 1942 ஆகஸ்ட் 1. லூயிசியானாவின் ஹூமா தளத்திலிருந்து அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விட்ஜன் ஒன்று ரோந்து போனது. மெக்சிகோ வளைகுடாவில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியைக் கண்டு, விமானி ஹென்றி ஒயிட் தன்னிடமிருந்த ஒரே ஒரு வெடிகுண்டைப் போட்டார். யு-166 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கியது இந்த விமானத்தால்தான் என்று பல பத்தாண்டுகள் எழுதப்பட்டது. 2001-இல் எண்ணெய்க்குழாய் பதிக்கக் கடலடியை ஆராய்ந்தபோது யு-166 வேறோர் இடத்தில், ஜூலை 30 அன்று அது மூழ்கடித்த ராபர்ட் இ. லீ என்ற பயணிக் கப்பலுக்கு அருகிலேயே கிடந்தது. அதை மூழ்கடித்தது அந்தக் கப்பலுக்குத் துணையாக வந்த பிசி-566 என்ற காவல் கப்பல். விட்ஜன் தாக்கியது யு-171 ஆக இருக்கலாம் என்கிறார்கள். அது அன்று தப்பிவிட்டது. உரிய பெருமை பல பத்தாண்டுகள் உரியவர்களிடம் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு வலிக்கிறது. ஆனால் ஐந்து பேர் உட்காரும் ஓர் உல்லாச விமானத்தில் ஒற்றைக் குண்டோடு கடலுக்கு மேல் போனவர்களின் துணிவு அதனால் குறைந்துவிடாது.

நேற்று இரவு மூன்று கை வார்னிஷ் பூசி, துணி ஊறவைக்கும் தொட்டியில் மிதக்கவிட்டேன். வால் சற்றுத் தாழ்ந்தது. மூக்கினுள் தூண்டில் ஈயக்குண்டு இரண்டை வைத்ததும் நிமிர்ந்து, படிக்கு மேல் விரல் அகலத்தில் நீர்மட்டம் நின்றது. இறக்கை மிதவைகள் இரண்டும் இன்னும் செதுக்கப்படவில்லை. இப்போதைக்கு இடப்பக்கம் சாய்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவற்றைத் தொடங்குகிறேன்.